போடப் போட செட் ஆயிடும்

“போடப் போட செட் ஆயிடும்க்கா.”

இந்த வாக்கியத்தை முதன்முதலில் சொன்ன டெய்லரை நேரில் பார்க்க ஆசை. பார்த்து என்ன செய்வேன் என்பதை எழுதினால் அச்சில் வராது. புதுச் செருப்புக்கு இப்படிச் சொல்லலாம், தோல் இளகும். மயிலுக்குச் சொல்லலாமா? மயில் போடப் போட நிமிருமா?

வியாழக்கிழமை அக்கா மகளுக்கு வளைகாப்பு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கூட்டத்தில் இடிபட்டு எடுத்த பட்டுப்புடவை, கரை முழுக்க மயில். கரையை வெட்டி பிளவுஸ் கையில் வைத்துத் தைக்கக் கொடுத்திருந்தேன். புதன்கிழமை ராத்திரி, கடை ஷட்டர் பாதி இறங்கிய பிறகு, பிளவுஸ் கைக்கு வந்தது. இடது கையில் மயில்கள் ஒழுங்காக நிற்கின்றன. வலது கையில் அதே மயில்கள் காலை மேலே தூக்கிக்கொண்டு, கொண்டை முழங்கையில் இடிக்கத் தலைகீழாகத் தொங்குகின்றன.

டெய்லர் அண்ணன் பதறவில்லை. “முந்தானை வந்து மறைச்சிடும்க்கா.”

“அண்ணே, முந்தானை இடது தோள்ல வரும். இது வலது கை.”

கொஞ்சம் யோசித்தார். “அப்போ போட்டோ புடிக்கச்சொல்ல அந்தப் பக்கமா நிக்காதீங்க. சொம்மா ஒரு நாளு தானே.” பிறகுதான் அந்தப் பொன்மொழி.

இருக்கட்டும். நான் எழுத உட்கார்ந்தது மயிலைப் பற்றி இல்லை, ஹூக்கைப் பற்றி. பிளவுஸில் ஹூக்கு எங்கே, எத்தனை, எந்த இடைவெளியில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் திடமான கருத்து ஒன்று உண்டு. வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை, பத்திரிகையில் சொன்னாலாவது தமிழ்நாடு கேட்கும் என்று பார்த்தேன். அதற்கு முன்னால் அளவு பிளவுஸைப் பற்றி ரெண்டு வார்த்தை. ரெண்டே வார்த்தை.

என் அளவு பிளவுஸ் பச்சை நிறம், அதாவது ஒரு காலத்தில். தம்பி கல்யாணத்துக்குத் தைத்தது. தம்பி மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வருஷமே எனக்கு அது கை ஏறவில்லை. ஆனால் இன்றும் துணி தைக்கக் கொடுக்கப்போனால் மஞ்சள் பையில் அதுதான் முதலில் இறங்குகிறது. டெய்லர் கழுத்தில் கிடக்கிற டேப்பில் கை வைத்தாலே, “வேணாண்ணே, வேணாண்ணே, அளவு பிளவுஸ் கொண்டாந்திருக்கேன்.” டேப்பில் எண் இருக்கிறது. அந்த எண்ணை அவர் நோட்டில் எழுதுவார். எழுதுவதற்கு முன்னால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மருமகள் ஃபால்ஸ் வைக்கக் கொடுத்த புடவையை வாங்க வந்து நிற்பாள். எதற்கு வம்பு? பச்சை பிளவுஸ் வாய் திறக்காது.

கொடுத்துவிட்டுச் சும்மா வருகிறோமா என்றால் அதுவும் இல்லை. “இதே மாதிரி தைங்கண்ணே. கை மட்டும் இதைவிட ரெண்டு இஞ்ச் நீளம். முன் கழுத்து இவ்ளோ இறக்கம் வேணாம். பின் கழுத்து கொஞ்சம் இறக்கலாம். இடுப்பு லூஸா இருக்கட்டும். சுத்தளவு இதே மாதிரி, ஆனா ஃப்ரீயா. ஷோல்டர் எறங்குது பாருங்க, அதைச் சரி பண்ணிடுங்க. உயரம் ஒரு இஞ்ச் கூட்டுங்க.” இவ்வளவையும் கழித்தால் அந்த பிளவுஸில் மாதிரி என்று மிச்சம் இருப்பது பச்சை நிறம் மட்டுந்தான். அதுவும் வேண்டாம், இது மெரூன் புடவை.

டெய்லர் தலையாட்டுவார். எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். நாம் போன பிறகு பச்சை பிளவுஸை நாலாக மடித்துத் துணிமேல் போட்டுச் சாக்கால் சுற்றிக் கோடு இழுப்பார். அது பழைய பருத்தி. துவைத்துத் துவைத்து இழைந்து, இழுத்த பக்கம் வருகிற துணி. அதன்படி வெட்டுவது பட்டு. பட்டு எந்தப் பக்கமும் வராது. பந்தியில் சாம்பார் வாளிக்குக் கையை நீட்டும்போதுதான் இந்த வித்தியாசம் நமக்குப் புரியும், அக்குளில் ‘டர்’ என்று.

இதைவிடப் பெரிய கொடுமை கோணல். அந்தப் பச்சை பிளவுஸ், அதற்கு முந்திய ஒரு நீல பிளவுஸை அளவு வைத்துத் தைத்தது. நீலத்தில் இடது பக்கம் மட்டும் ஒரு தையல் பிரித்து விட்டிருந்தோம், ஏதோ அவசரம். பச்சையைத் தைத்தவர் அந்த அவசரத்தையும் சேர்த்தே நகலெடுத்தார். அன்றிலிருந்து என் எல்லா பிளவுஸுக்கும் இடது கைக்குழி வலதைவிட அரை இஞ்ச் பெரிசு. நீலத்தைத் தைத்த ராயபுரம் டெய்லர் தொழிலையே விட்டுப் போய்விட்டார். கோணல் போகவில்லை. ஒரு தீபாவளிக்கு என் தங்கை பச்சை பிளவுஸை இரவல் வாங்கி ஆவடியில் ஒரு டெய்லரிடம் கொடுத்தாள். இப்போது அவளுக்கும் இடது கைக்குழி பெரிசு. அவள் மாமியார், “உங்க வீட்ல எல்லாருக்கும் இடது தோள் எறக்கமா?” என்று கேட்டாராம். பரம்பரை அம்சம் என்று முடிவு கட்டியிருக்கிறார்.

சரி, டெய்லரை மாற்றலாமே என்பீர்கள். மாற்றுவதற்கு அளவு பிளவுஸ் நம் கையில் இருக்க வேண்டுமே. அது அவர் கடை மூலையில், சாக்குக்குள் இருக்கிறது. கேட்டால் கையை விட்டுத் துழாவி ஒரு கொத்தாக எடுத்துப் போடுவார். “இதுவா பாருங்கக்கா. இதுவா?” எல்லாமே ஒரு காலத்தில் பச்சையாக இருந்தவை. ஒன்று எங்கள் தெரு டீச்சருடையது, எனக்கு அடையாளம் தெரியும். அவர் அதைத் தேடி அலைந்து, கடைசியில் மனசு விட்டுப்போய்ச் சுடிதாருக்கு மாறிவிட்டார்.

நாள் தவறுவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பேசின் பிரிட்ஜ்காரிக்கு அது பழக்கம். டெல்லியிலிருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்த வண்டி, சென்ட்ரல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எங்கள் ஊரில் வந்து நின்றுவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிற ஜனம் நின்றபடியே இருக்கும். டெய்லர் சொல்கிற “எல்லாம் முடிஞ்சிச்சிக்கா, ஹூக்கு மட்டும் பாக்கி” அந்த வண்டியேதான். ஹூக்கு வைக்கிற அக்கா ஊருக்குப் போயிருப்பார். வந்தால் காது குத்தல் என்பார்கள். அவர் இதுவரை எத்தனை காதுகளுக்குப் போயிருக்கிறார் என்று எண்ணினால் ஒரு பஞ்சாயத்துக்கே குத்தியிருக்க வேண்டும். ஹூக்கு என்றதும்தான் ஞாபகம் வருகிறது… வேண்டாம், முதலில் லைனிங்கை முடித்துவிடுகிறேன்.

லைனிங் துணியை மேட்சிங் சென்டரில் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து வாங்கக்கூடாது. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறோம். வாசலில் வெயிலுக்கு வந்து பார்த்தால் மெரூன் கத்தரிப்பூவாகிவிடும். பருத்தி லைனிங்கை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்திய பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கும், மேல்துணி சுருங்காது, முதுகெல்லாம் சுருக்கம் விழும். “நனைச்சீங்களாண்ணே?” என்றால் “நனைச்சாச்சிக்கா” என்கிறார். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வராத வாரத்திலும் நனைத்திருக்கிறார்.

இதைக் கேட்க நமக்கு ஒரு சங்கம் இருக்கிறதா? பேசின் பிரிட்ஜிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் பின்னி மில். ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லும், பெயர்ப்பலகையில் பக்கிங்ஹாம் அண்டு கர்நாடிக் மில்ஸ். ராணுவத்துக்கும் போலீசுக்கும் காக்கி நெய்து அனுப்பிய இடம். அந்த மில் ஆட்களுக்காக 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். மதியம் சாப்பிடக்கூட ஒழுங்காக நேரம் விடவில்லை என்பது அன்றைய குறைகளில் ஒன்று. துணி நெய்தவர்களுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே சங்கம் வந்துவிட்டது. துணி தைக்கக் கொடுத்தவர்களுக்கு இன்றுவரை ஒரு மனு எழுதித் தரக்கூட ஆளில்லை. மில்லும் 1996-ல் மூடியாயிற்று, இப்போது அந்தப் பக்கம் அடுக்குமாடி.

என் தாத்தா அந்த மில்லில் இருந்தவர். அவர் விட்டுப்போன சொத்தில் முக்கியமானது ஒரு துண்டு காக்கி. அது கிழியாது, வெளுக்காது, மடங்கவும் மடங்காது. வளைகாப்பு முடிந்து வந்த ஆத்திரத்தில், இனிமேல் என் துணியை நானே தைத்துக்கொள்கிறேன் என்று அம்மாவின் மிஷினைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தேன். எடுத்தவுடன் பிளவுஸா என்று, முதலில் ஒரு ஒட்டுப்போர்வை. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கிக் கையால் ஓடுதையல் போட்டு காந்தா என்கிறார்கள். வட கர்நாடகத்தில் கவுதி. நம் வீட்டிலும் பழம்புடவைக்கா பஞ்சம்? மேலே மூன்று புடவை, அடியில் தாத்தாவின் காக்கி.

மிஷினில் ஊசிக்குக் கீழே ஒரு பல்வரிசை உண்டு, துணியைப் பின்னால் தள்ளுவது அதுதான். அது அடியில் இருக்கிற துணியை மட்டுந்தான் கவ்வும். அடித்துணி ஒழுங்காக நகரும், மேல்துணிகள் பின்தங்கும். கடைசிக்கு வரும்போது காக்கி முடிந்துவிட்டது, புடவைகள் இன்னும் ஒரு சாண் பாக்கி. திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருக்கிறது. அடியில் சிக்கினால் குறை மேல்நூலில் என்பது விதி. யாராவது நம்புவார்களா? நானும் நம்பாமல் அரைமணி நேரம் பாபினைத் திட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் மிதி ஒரு தரம் பின்னால் சுற்றி நூல் அறுந்தது. காக்கியில் நாலு மடிப்பு சேர்ந்த மூலைக்கு வந்ததும் ஊசி முறிந்து, ஒரு பாதி போர்வைக்குள் போய்விட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் போர்வையை யாருக்குப் போர்த்துவது என்று வீட்டில் ஆலோசனை நடக்கிறது, என் வீட்டுக்காரர் பெயர் அடிபடுகிறது.

தையல் மிஷினுக்கு 1830-ல் பிரான்சில் காப்புரிமை வாங்கியவர் திமோனியே. ராணுவத்துக்குச் சீருடை தைக்கப் பாரிஸில் பட்டறை போட்டார். மறுவருஷமே டெய்லர்கள் கூட்டமாக வந்து மிஷின்களை உடைத்துப் போட்டார்கள். பிழைப்பு போய்விடும் என்ற பயம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம். அவர்களில் ஒருவராவது அன்று காலை நூல் மாட்டிப் பார்த்திருப்பார். நம் பக்கத்திலும், பெரம்பூர் தொகுதியில் வென்று அமைச்சரான சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறது. நல்ல திட்டம். எத்தனையோ வீட்டில் உலை கொதிக்கிறது. கூடவே நூல் சிக்கெடுக்க ஓர் ஆளையும் கொடுத்தால் என் மாதிரி ஆட்களும் வரிசையில் நிற்போம்.

மிஷின் சத்தம் தெருவுக்குக் கேட்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரே வாரத்தில் தலையணை உறை ரெண்டு, பள்ளிக்கூடப் பையின் அறுந்த வார், ஜிப் போன பேண்ட், கொசுவலை எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. எல்லாருக்கும் ஒரே வசனம், “சொம்மா ஒரு தையல் தானேக்கா.” கூலியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. மரியாதைக்காவது ஒரு காபி? அதுவும் கிடையாது. கொசுவலைக்கு ஒரு தையலாம், அதன் சுற்றளவைப் பார்த்திருக்கிறார்களா?

நேற்று மாடி வீட்டு அத்தை வந்தார். மிக்ஸிக்கு உறை தைத்துத் தர வேண்டுமாம். அளவு வேணுமே அத்தை, மிக்ஸியைக் கொண்டு வாங்க என்றேன். அவ்வளவு கனத்தை யார் தூக்கிக்கொண்டு இறங்குவது என்று இடுப்பிலிருந்து பழைய உறை ஒன்றை உருவி மேஜைமேல் போட்டார்.

“இதே அளவு தச்சிடும்மா. இது பழைய மிக்ஸியோடது. இப்ப இருக்கிறது வேற.”