மணமேடையில் இரு கேமராக்கள்

தமிழ்நாட்டுத் திருமணங்கள் பலவற்றில் பெண் வீட்டார் ஒரு புகைப்படக்காரரையும் மாப்பிள்ளை வீட்டார் இன்னொருவரையும் அமர்த்திக்கொள்வதால், சம்பந்திகள் வெளிக்காட்டாத எல்லைத் தகராறு மணமேடையின் முன்விளிம்புக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. இவர்களுள் ‘டிரெடிஷனல்’ எனப்படுபவர் உறவினரை வரிசையாக நிறுத்திக் கேமராவைப் பார்க்கச் சொல்லி எடுப்பவர்; ‘கேண்டிட்’ எனப்படுபவர் எவரும் அறியாமல் இயல்பைப் பிடிப்பதாகக் கூறிக்கொண்டு, அந்த இயல்பை மும்முறை திரும்பச் செய்யச் சொல்பவர்.

கெட்டிமேளம் முழங்கியபின் மூன்று முடிச்சும் சில விநாடிகளில் முடிந்துவிடுமாதலால், 24-70 மி.மீ. லென்ஸுடன் முன்னே பாய்பவரின் முதுகே, 70-200 மி.மீ. லென்ஸுடன் பின்னே நிற்பவரின் ஆல்பத்தில் முகூர்த்தக் காட்சியாக நிலைபெறுகிறது. விருந்தினரோ இருவர் முதுகின்மீதும் பாரபட்சமின்றி அட்சதை தூவுகின்றனர். ஃபிளாஷ் விளக்கைத் தொலைவிலிருந்து எரியச்செய்யும் ‘டிரிகர்’ கருவிகள் ஒரே வகையினவாகவும் ஒரே சேனலிலும் அமைந்துவிட்டால், ஒருவர் பொத்தானை அழுத்த மற்றவர் விளக்கு மின்னும். காலையிலேயே சேனலைக் கேட்டு மாற்றிக்கொள்வதே மரபு எனினும், முதலில் கேட்பவர் இளைத்தவர் என்ற எண்ணம் நிலவுவதால், இருவரும் ஒருவருக்கொருவர் இலவசமாக ஒளி வழங்கிக்கொண்டிருப்பர்.

கூலி கொடுத்து எடுப்பித்த படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுப்பித்தவரே என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுவதால், இருவரும் தோளால் இடித்துக் காத்த கோணம் சட்டப்படி சம்பந்திகளுடையது. அவர்களோ, அத்தை மகன் கைபேசியில் எடுத்த படத்தை அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வைத்துவிடுகின்றனர்.