உப்புக்குச் சப்பாணி கேப்டன்

பத்து வயதில் நான் கேப்டனாக இருந்தேன். பேட் என்னுடையது. அதற்கு மேல் என்ன தகுதி என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் இருக்கவில்லை. எரிந்துபோவதற்கு முந்தைய மூர் மார்க்கெட்டில் மாமா பேரம் பேசி வாங்கி வந்த பழைய பேட் அது. டாஸ் போடுவதும் இருட்டியதும் பேட்டை வீட்டுக்கு எடுத்துப் போவதும் என் அதிகாரங்கள். யார் பந்து போடுவது, யார் எங்கே நிற்பது என்பதையெல்லாம் எதிர்வீட்டு அண்ணன் பார்த்துக்கொள்வார். என்னைச் சாக்கடை ஓரமாக நிறுத்துவார். பந்து உள்ளே விழுந்தால் எடுக்கப் பொறுப்பான ஆள் வேண்டும் என்பார். குழந்தைகள் ஆட்டத்தில் அவுட் ஆனாலும் கணக்கில் வராத பொடியனை உப்புக்குச் சப்பாணி என்போமே, நான் உப்புக்குச் சப்பாணி கேப்டன்.

பிற்பாடு மைக் பிரியர்லியைப் பற்றிப் படித்தபோது ஏதோ தூரத்து உறவினரைக் கண்டுபிடித்த சந்தோஷம். இங்கிலாந்துக்காக 39 டெஸ்ட் ஆடினார். சராசரி 22.88. ஒரு சதம்கூடக் கிடையாது. ஆனால் தலைமை தாங்கிய 31 டெஸ்டுகளில் 18 வெற்றி, 4 தோல்விதான். 1981இல் போத்தம் கேப்டன் பதவியை விட்டதும் இவரைத்தான் கூப்பிட்டார்கள். ஹெடிங்லியில் ஃபாலோ-ஆன் வாங்கிய அணி 18 ரன்னில் ஜெயித்தது. ஆட்டமிழக்காமல் 149 அடித்தது போத்தம். 43 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தது வில்லிஸ். பெயர் பிரியர்லிக்கு. ஓய்வுக்குப் பிறகு மனப்பகுப்பாய்வாளர் ஆகிவிட்டார். பதினோரு பேரை ஐந்து நாள் வெயிலில் நிறுத்திப் பார்த்தவருக்கு (இங்கிலாந்தில் வெயில் ஏது, தூறலில்) அந்தத் தொழில் புதிதாகத் தோன்றியிருக்காது.

நம் ஊரில் கேப்டன்கள் மைதானத்தைவிட டீக்கடையில்தான் அதிகம். காலை ஆறரைக்கு எங்கள் முனைக் கடையில், ஒரே பேப்பரை நாலாகப் பிரித்து நாலு பேர் படித்துக்கொண்டு, அமைச்சரவையை மாற்றுவார்கள், அமெரிக்க அதிபருக்கு அறிவுரை சொல்வார்கள், கடைசியாக இந்திய அணிக்கு வருவார்கள். நாட்டைத் திருத்துவதற்கு ஒரு டீ போதும். அணியைத் திருத்த இரண்டாவது டீ வேண்டும். நானும் அங்கே உறுப்பினன்தான்.

2025 அக்டோபரில் பெண்கள் உலகக் கோப்பையில் இந்தியா வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றது. கேப்டன் ஹர்மன்பிரீத் கவுரை அன்றைக்கே பதவியிலிருந்து இறக்கிவிட்டோம். நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இறுதிப் போட்டி. தென்னாப்பிரிக்கா நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஹர்மன்பிரீத் பந்தை ஷெஃபாலி வர்மாவிடம் கொடுத்தார். ஷெஃபாலி முதலில் அணியிலேயே இல்லை. பிரதிகா ராவலுக்குக் காயம் என்பதால் அரையிறுதிக்கு வரவழைக்கப்பட்டவர். பேட்டிங்தான் தொழில், பந்துவீச்சு எப்போதாவது. அடுத்தடுத்த ஓவர்களில் இரண்டு விக்கெட். இந்தியா 52 ரன்னில் ஜெயித்தது. மறுநாள் காலை, "நான் அப்பவே சொன்னேன், அந்தப் பொண்ணுக்குத் தலைமைக் குணம் இருக்குன்னு" என்றார் ஒருவர். அப்பவே அவர் சொன்னது என்ன என்பது டீ மாஸ்டருக்குத் தெரியும். பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர் என்பதால் பேசவில்லை.

2007இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியும் இதே கதைதான். கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் வேண்டும். ஹர்பஜனுக்கு ஓவர் மீதி இருந்தும் தோனி ஜோகிந்தர் சர்மாவைக் கூப்பிட்டார். முதல் பந்து வைடு. கொஞ்ச நேரத்தில் ஒரு சிக்ஸர். பிறகு மிஸ்பா பின்பக்கமாகத் தூக்கிவிட, ஸ்ரீசாந்த் பிடித்தார். அந்தப் பந்து கையிலிருந்து நழுவியிருந்தால் தோனியை எந்த வார்த்தையால் திட்டியிருப்போம் என்று எனக்குத் தெரியும். அது வாயில் தயாராக இருந்தது, அப்படியே விழுங்கிவிட்டு மேதை என்றேன். ஜோகிந்தர் அதற்குப் பிறகு இந்தியாவுக்காக ஆடவே இல்லை. ஹரியானாவில் போலீஸ் அதிகாரி ஆகிவிட்டார்.

இந்தத் தோனியாலும் ஒன்றைச் சரியாகச் செய்ய முடியவில்லை. விட்டுக் கொடுப்பதை. 2022இல் சென்னை அணியை ஜடேஜாவிடம் ஒப்படைத்தார். எட்டு ஆட்டம், இரண்டு வெற்றி, பதவி திரும்ப வந்துவிட்டது. 2024இல் ருதுராஜிடம் கொடுத்தார். அடுத்த வருஷம் அவருக்கு முழங்கையில் அடி, மறுபடி தோனி. அணி கடைசி இடம். மளிகைக் கடையில் பார்த்திருப்பீர்கள். கல்லாவை மகனிடம் கொடுத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவை. சில்லறையை மகன்தான் கொடுப்பான். வாடிக்கையாளர் வணக்கம் வைப்பது ஸ்டூலுக்கு.

நம் ஊர்க்காரர்களுக்கு அந்த ஸ்டூல்கூடக் கிடைத்ததில்லை. 1989இல் ஸ்ரீகாந்த் பாகிஸ்தானுக்கு அணியைக் கூட்டிப்போய் நாலு டெஸ்டையும் தோற்காமல் திரும்பினார். தலைமையும் போனது, அணியில் இடமும் போனது. வெங்கட்ராகவன் கதை இன்னும் உருக்கம். 1974 டிசம்பரில் டெல்லி டெஸ்டுக்கு அவர் கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள். ஒரு டெஸ்டில் ஃபீல்டிங் வியூகம், அடுத்ததில் தண்ணீர் பாட்டில். 1979இல் இங்கிலாந்துக்கு மறுபடி அவரே கேப்டன். ஓவலில் 438 துரத்தி, கவாஸ்கர் 221 அடித்து, 429க்கு 8 விக்கெட்டில் ஆட்டம் டிரா. ஒன்பது ரன்! ஊர் திரும்பும் விமானத்தில், கவாஸ்கர் புதிய கேப்டன் என்று விமானி ஒலிபெருக்கியில் அறிவித்ததாகக் கிரிக்கெட் உலகில் இன்றும் சொல்வார்கள். சீட் பெல்ட் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. மனிதர் அசரவில்லை, பிற்காலத்தில் அம்பயராகி, எல்லாக் கேப்டன்களும் தன் விரலையே பார்க்கும்படி செய்துவிட்டார்.

இத்தனையும் தெரிந்தும் இந்தப் பொங்கலுக்கு எங்கள் அடுக்ககத்து அணிக்குத் தலைமை ஏற்றேன். ஏற்றேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பொதுக்கூட்டத்துக்கு வராதவரைப் பொறுப்பில் போடுவது எங்கள் மரபு. மோட்டார், சம்ப், தண்ணீர் லாரி எல்லாம் பார்க்கும் செயலாளரும் அப்படி வந்தவர்தான்; அன்றைக்கு அவர் பல்லுக்கு வேர்ச் சிகிச்சையில் இருந்தார்.

பக்கத்து அடுக்ககத்தோடு எட்டு ஓவர் ஆட்டம், டென்னிஸ் பந்து. கடைசி ஓவரில் அவர்களுக்கு ஒன்பது ரன் வேண்டும். எங்களிடம் நன்றாகப் பந்து வீசும் இன்ஜினியரிங் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு ஓவரும் மீதி இருந்தது. "அங்கிள், நான் போடறேன்" என்று கையை நீட்டினான். எனக்கு அந்த நிமிஷம் ஜோகிந்தர் தெரிந்தார், ஷெஃபாலி தெரிந்தார். மைதானத்தை ஒரு சுற்று பார்த்தேன். மூன்றாம் மாடி ஆடிட்டர் மிட்-ஆனில் போனில் பேசிக்கொண்டிருந்தார். பந்தை அவரிடம் கொடுத்தேன்.

"சார், நான் ஸ்கோர் எழுதத்தானே வந்தேன்?"

"எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ சொல்லுது சார்" என்றேன்.

முதல் பந்து வைடு. ஜோகிந்தருக்கும் முதல் பந்து வைடுதான் என்று அவரைத் தேற்றினேன். இரண்டாவதும் வைடு. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. பேட்ஸ்மேன் ஒரு காலை ஊன்றி, கட்டையில் சாய்ந்துகொண்டு, பேருந்துக்கு நிற்பவர் போல நின்றார். ஆறாவது பந்து நேராகப் போனது. அதை அவர் பவுண்டரிக்கு அனுப்பினார். ஐந்தும் நாலும் ஒன்பது. ஆடிட்டர் ஸ்கோர் நோட்டைத் தேடி எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் பெயருக்கு நேரே ஒரே ஒரு பந்து வீசியதாக எழுதினார். "ரூல்படி அவ்வளவுதான் சார்." வெங்கட்ராகவனுக்கும் எனக்கும் ஒற்றுமை அந்த ஒன்பது ரன்தான்.

மாலையில் கீழே இறங்கும்போது செக்யூரிட்டி எழுந்து நின்றார். "சார், கிட் பேக் சாவியை வாங்கி வெக்கச் சொன்னாங்க. புது கேப்டன் தம்பி வந்து வாங்கிக்குமாம்."

விமானிக்காவது சீருடை இருந்திருக்கும் என்று நினைத்தேன், இவருக்கும் இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். "அடுத்த மேட்ச்ல உங்களுக்கு என்னங்க வேலை?" என்றாள்.

"பன்னிரண்டாவது ஆள்."

பேசாமல் பரணைக் காட்டினாள். அங்கே பெரிய எவர்சில்வர் தூக்கு இருந்தது. பதினோரு பேருக்கு நீர்மோர் கொள்ளும்.

தூக்கை இறக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. பேட்டை அசோசியேஷன் பணத்தில் வாங்க விட்டிருக்கக் கூடாது.