பச்சைக்கு என்ன குறைச்சல்?

ஆஸ்திரேலியாவின் உட்புற வறண்ட வெளிகளில் ஒரு சின்னக் கிளி பல லட்சம் வருஷமாகப் பச்சையாகவே பறந்துகொண்டிருந்தது. மஞ்சள் முகம், கன்னத்தில் ஊதாத் திட்டு, முதுகில் கறுப்பு வரி. புல் விதை தின்னும், தண்ணீர் தேடிக் கூட்டங்கூட்டமாக இடம் மாறும், வல்லூறு வந்தால் சிதறும். தன் நிறத்தைப் பற்றி அதற்கு எந்தப் புகாரும் இருந்ததாகத் தெரியவில்லை. 1805இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் அதற்கு லத்தீனில் ஒரு பெயர் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. 1840இல் ஜான் கூல்ட் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கூல்ட், பறவைகளைச் சுட்டு, பஞ்சடைத்துப் பாடம் பண்ணி, படம் போட்டுப் புத்தகமாக விற்றுப் பிழைத்தவர். (படங்களில் ஏராளமானவற்றை வரைந்தது மனைவி எலிசபெத். பேர் யாருக்கு என்று கேட்க மாட்டீர்கள்.) அவர் கண்ணில் பட்ட பறவை மூச்சு விட்டுக்கொண்டே கப்பலேறியது சாதாரண விஷயமில்லை. அதற்கும் மச்சினர் சார்லஸ் காக்ஸன் அதை வளர்த்துக் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. நம்மூர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று ஜோடியாக விற்கிறார்களே, அந்தப் பட்ஜியின் கூண்டு வாழ்க்கை இப்படித்தான் மச்சினர் சிபாரிசில் தொடங்கியது.

கூண்டில் பட்ஜி குட்டிபோட்டதுபோல் பெருகியது. பெருகப் பெருக வேடிக்கையும் வந்தது. 1870களில் பெல்ஜியத்தில் மஞ்சள் குஞ்சு. 1880ஐ ஒட்டி, அதே பெல்ஜியத்தில், வான நீலம். ஐரோப்பியப் பறவைப் பிரியர்கள் இயற்கை தங்களுக்கென்றே பரிசு அனுப்பியதாக நினைத்துப் பூரித்தார்கள்.

உண்மையில் பரிசு ஒன்றும் வரவில்லை, களவு போயிருந்தது. பட்ஜியின் உடம்பில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையவே கிடையாது. இறகின் மேலடுக்கில் இருப்பது மஞ்சள் நிறமி. அதற்கு உள்ளே கெரட்டினில் நுண்ணிய துளைகள் நிறைந்த ஓர் அடுக்கு. அது நீல ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். அதற்கும் பின்னால் கறுப்பு மெலனின், மிச்ச ஒளியை விழுங்கிக்கொள்ளும். நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்குப் பச்சை. மஞ்சளைத் தூக்கிவிட்டால் நீலக் கிளி. மெலனினைத் தூக்கிவிட்டால் மஞ்சள் கிளி. இரண்டையும் தூக்கிவிட்டால் வெள்ளைக் கிளி. புளி போட மறந்த சாம்பாருக்குப் புதுப்பெயர் வைத்து இரட்டை விலை வாங்குவதுதான் இந்த வியாபாரம், அன்றும் இன்றும்.

சரி, கிடைத்த நீலத்தையாவது பெருக்கத் தெரிந்ததா? நீலத்தைப் பச்சையோடு ஜோடி சேர்த்தால் குஞ்சுகள் அத்தனையும் பச்சை. ‘போச்சு, கழுவிக்கொண்டு போய்விட்டது’ என்று எவருக்கும் தோன்றத்தான் செய்யும். அந்தப் பச்சைகளின் உள்ளே நீலம் ஒளிந்திருக்கிறது, அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் நாலில் ஒன்று நீலமாக எட்டிப்பார்க்கும் என்று அச்சிலேயே வழி இருந்தது. 1866இல் மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணியை வைத்துக் கணக்குப் போட்டு வெளியிட்டிருந்தார். படித்தவர் சொற்பம். 1884இல் அவர் கண்ணை மூடினார். 1900இல்தான் உலகம் கண்ணைத் திறந்தது. இன்றைக்குச் சென்னையில் கூண்டு வைத்திருக்கும் பையன்கூட “பார்க்கப் பச்சைதான் சார், ஆனா புளூ ஸ்பிளிட்” என்று அலட்சியமாகச் சொல்லி நூறு ரூபாய் கூட்டிக் கேட்கிறான். அந்த ஞானத்துக்கு ஐரோப்பா காத்திருந்த காலம் அவ்வளவு.

1910இல் நீலக் கிளிகள் லண்டன் கண்காட்சிக்கு வந்தன. கூட்டம் அலைமோதியிருக்கும், ஆங்கிலேயனுக்கு வானம் நீலமாகத் தெரிவதே அபூர்வம். 1915இல், ஐரோப்பா பதுங்குகுழியில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தபோது, பிரான்சின் துலூஸ் நகரத்தில் ஒரு கூண்டில் வழக்கத்தைவிட அடர்ந்த பச்சைக் குஞ்சுகள் வந்தன. அவ்வளவு குண்டுச் சத்தத்துக்கு நடுவில் ‘இந்தப் பச்சை கொஞ்சம் தூக்கலாக இல்லை?’ என்று ஒரு மனிதருக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறதே, அதைப் பாராட்ட வேண்டும். இறகின் உள்ளடுக்கு மெலிந்ததன் விளைவு அது. நீலக் கிளியில் இந்தக் குணம் ஒரு பங்கு சேர்ந்தால் கோபால்ட், இரண்டு பங்கு சேர்ந்தால் மாவ் என்கிற சாம்பல் கலந்த ஊதா. இங்கேயும் குறைந்ததுதான் விலை ஏறியது.

விலை என்றால் ஜப்பான். 1920களில் அங்கே நீலப் பட்ஜிப் பைத்தியம் பிடித்தது. நிச்சயம் செய்த பெண்ணுக்கு மாப்பிள்ளை நீல ஜோடி கொடுப்பது பெரிய கௌரவமாக இருந்ததாம். ஒரு ஜோடி நூறு பவுண்டைத் தாண்டியது. ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் இரவு பகலாகக் கூட்டுப்பெட்டி அடித்தார்கள். பட்ஜிக்கு வருஷத்தில் இரண்டு மூன்று ஈடு குஞ்சு பொரிக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விநியோகம் எங்கே போய் நிற்கும் என்று ஒருவரும் விரல் விட்டு எண்ணவில்லை. பத்தாண்டு முடியும் முன்பே சந்தை சரிந்தது. மிஞ்சியது தீனிக் கடன்.

இங்கிலாந்தில் இதற்குள் சங்கம் வைத்துவிட்டார்கள். 1925இல் ‘பட்ஜெரிகார் கிளப்’. கிளப் என்றால் சீட்டாட்ட வாசனை அடிக்கிறது என்று பட்டதோ என்னவோ, ஐந்து வருஷம் கழித்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் யோசனையின்பேரில், அது ‘சொசைட்டி’ ஆனது. அதே 1930இல்தான் காந்தி தண்டியில் உப்பு அள்ளினார். சாம்ராஜ்யத்துக்கு ஒரே வருஷத்தில் இரண்டு கவலை.

இந்தக் கூத்தில் ஒழுங்காகக் கணக்கு வைத்தவர் ஜெர்மனியின் பிரெமன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் டுங்கர். கார்ல் கிரெமர் என்ற பணக்காரர் கூண்டுகள் கொடுக்க, எதை எதோடு சேர்த்தால் எந்த நிறம் எத்தனை வரும் என்று 1920களில் அட்டவணை போட்டார். இன்றுவரை பட்ஜி வளர்ப்பவர்கள் புரட்டும் கணக்குகளுக்கு அது தாத்தா. இதே டுங்கர், கேனரியைச் சிவப்பாக்குகிறேன் என்று வெனிசுவேலாவின் சிவப்புச் சிஸ்கின் குருவியோடு அதைக் கலந்தார். கிடைத்தது செம்பு நிறம்வரைதான். கேனரி சிவக்க மரபு மட்டும் போதாது, தீனியிலும் அதற்கான சத்து வேண்டும். ஐயா ரத்தத்தை மட்டுமே நம்பியிருந்தார்.

அந்த நம்பிக்கை கூண்டோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அவர் வெளியே போய் நாஜிகளின் இனத் தூய்மைக் கொள்கைக்கும் பிரசாரம் செய்தார். ஒரு கிளி ‘சுத்த’ வெள்ளையாவது அதன் உடம்பிலிருந்து இரண்டு சாமான் காணாமல் போவதால்தான் என்பதற்கான கணக்கைத் தன் கையாலேயே எழுதிய மனிதர். கிளியிடம் கற்றதைக் கிளியிடமே விட்டுவிட்டார்.

பிறகு வந்த நிறங்கள் அட்டவணைக்கும் அடங்கவில்லை. 1930களில் ஆஸ்திரேலியாவில் ஒரு சாம்பல் நிறக் கிளி, இங்கிலாந்தில் ஒரு சாம்பல் நிறக் கிளி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஆஸ்திரேலியச் சாம்பல் தாயோ தந்தையோ ஒருவரிடம் இருந்தாலே குஞ்சில் தெரியும். ஆங்கிலச் சாம்பலுக்கு இரண்டு பக்கமும் வேண்டும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, ஜோடி சேர்த்துக் குஞ்சைப் பார்த்தால்தான் தெரியும். கூச்ச சுபாவமுள்ள ஆங்கிலச் சாம்பல் கொஞ்ச நாளில் காணாமலே போய்விட்டது.

வெள்ளைக் கிளி இன்னும் மோசம். கண் சிவப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். சிவப்பென்றால் ஆல்பினோ, உள்ளே கோபால்ட் இருக்கிறதா சாம்பல் இருக்கிறதா என்று தெரியாதபடி எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கும். கண் கறுப்பென்றால் அது வேறு சாதி. 1970களில் ஆஸ்திரேலியாவில் வந்த ஸ்பேங்கில் என்ற வகை இரண்டு பங்கு சேர்ந்ததாக இருக்கலாம். அதற்கு வளர்ந்த பிறகு கண்மணியைச் சுற்றி வெளிர் வளையம் விழும். வளையமே விழாவிட்டால் இன்னொரு வகை. குஞ்சுப் பருவத்தில் யாருக்கும் வளையம் கிடையாது என்பதால், குஞ்சை விற்பவர் என்ன சொன்னாலும் அது அந்த நிமிஷத்துக்கு உண்மைதான்.

இவற்றுக்கெல்லாம் மேலே ‘ஹாஃப் சைடர்’. உடம்பின் ஒரு பாதி பச்சை, மறுபாதி நீலம், நடுவில் கோடு கிழித்தாற்போல். இதை வைத்து ஒரு வம்சமே உண்டாக்கலாம் என்று ஆசைப்பட்டவர்கள் உண்டு. கருவிலேயே இருவகை உயிரணுக்கள் சேர்ந்துபோன விபத்து அது, பிள்ளைக்குப் போகாது. பெட்டியில் பொரிந்த குஞ்சுகள் ஒரே நிறத்தில் வாயைப் பிளந்து தீனி கேட்டிருக்கும்.

நீலத்தின் முழு ரகசியம் 2017இல்தான் உடைந்தது. மஞ்சள் நிறமி செய்யும் ஒரு நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது; அவ்வளவுதான். ஆராய்ச்சியாளர்கள் பட்ஜியின் அந்த மரபணுவை ஈஸ்டில் வைத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட் சமர்த்தாக மஞ்சள் நிறமி செய்தது. ஒரு காலத்தில் நூறு பவுண்டுக்குக் கைமாறிய அதிசயம் ஓர் எழுத்துப்பிழை.

கேனரிபோலத் தீனியிலிருந்து நிறம் எடுக்காமல் தன் நிறமியைத் தானே செய்துகொள்வது கிளி இனத்தின் வழக்கம். பட்ஜிக்குச் செய்ய வருவது மஞ்சள் மட்டும். ஆகவே 1840லிருந்து இத்தனை குறைபாடு வந்தும் சிவப்புப் பட்ஜி வரவில்லை. கேரட்டை மூட்டையாகப் போட்டாலும் வராது. யாராவது சிவப்பு ஜோடி இருக்கிறது என்று கூண்டைக் கொண்டுவந்தால், விலை கேட்கும் முன் ஒரு கிண்ணம் தண்ணீர் கேளுங்கள்.