ரெஃபரலின் தொன்மை: ஓர் ஆற்றுப்படை ஆராய்ச்சி

ரெஃபரல் என்பது ஐ.டி. கம்பெனிகளின் கண்டுபிடிப்பு என்று நம்புவோர் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் உள்ளனர். அன்னாரை மறுப்பதே இவ்வாய்வின் நோக்கம். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை. அதாவது சரிபாதி ரெஃபரல். (திருமுருகாற்றுப்படை ஆற்றுப்படுத்துவது முருகனிடம். ஓய்வூதியம் வீடுபேறு என்பதால் அதனை அரசு வேலையின்பாற் படுத்துக.)

நடைமுறை எளிது. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், பசியோடு எதிரே வருபவனை நிறுத்தி, வள்ளல் யார், எவ்வழி செல்வது, எவ்வூரில் என்ன சோறு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லி அனுப்புவான். மலைபடுகடாத்தில் நன்னனிடம் போகும் கூத்தருக்குப் பன்றிக்கு வைத்த பொறிகள் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. மொத்தம் 583 அடிகள். இன்றைய ஆற்றுப்படை ஓரடி: "ரெஸ்யூமே அனுப்பு, பார்க்கலாம்."

அந்த ஓரடியைப் பெறுவதற்கும் துறைகள் உள. பல வருடம் பேசாத கல்லூரித் தோழனுக்கு முதல் நாள் "ஹாய் மச்சான்", மறுநாள் "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?", மூன்றாம் நாள் பி.டி.எஃப். நீலக் குறி விழுந்தும் பதில் வராதது கைக்கிளை. அதற்குப் பிறகும் அவன் மேனேஜருக்கே நேராக அனுப்புவது பெருந்திணை.

நெருங்கிய சொந்தமிருக்க வழிப்போக்கனை நாடுவதேன்? அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் இதற்கு விடை தந்தார். பாஸ்டன் அருகே, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துவந்தோர் 16.7 விழுக்காடுதான், எப்போதாவது சந்தித்தோர் 55.6. நெருங்கியவனுக்குத் தெரிந்த சேதி நமக்கும் தெரிந்ததே; தூரத்துப் பழக்கம்தான் புதுச்சேதி கொண்டுவரும். பாணர் இதை முன்பே அறிவர். அவர்களுக்கு வழி சொன்னவன் மாமன் மகனல்லன், சாலையில் கண்டவன். மாமன்மார் தருவது ஓபனிங் அன்று, விசாரணை: "இன்னும் சும்மாதான் இருக்கியாப்பா?" கல்யாணப் பந்தியில், அதுவும் சாம்பார் ஊற்றுபவர் காதில் விழும்படி.

எஞ்சும் சிக்கல் ஒன்று. ஆற்றுப்படுத்தியவனுக்கு என்ன லாபம்? தொண்டைமான் இளந்திரையன் ஆள் பிடித்துத் தந்ததற்குத் தனியாகப் பணம் கொடுத்ததாகப் பெரும்பாணாற்றுப்படையில் தடயமில்லை. இன்றோ ரெஃபரல் போனஸ் உண்டு. வந்தவன் சில மாதம் நிலைத்தால்தான் அதுவும் கைக்கு வரும். புதியவன் ராஜினாமா பற்றி முணுமுணுத்த அன்றே, கண்டும் காணாமல் போய்க்கொண்டிருந்த சீனியர் டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கைபோட்டுச் சொல்வது இது:

"மார்ச் வரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருடா தம்பி. அப்புறம் உன் இஷ்டம்."