ஃபைனல்_ஃபைனல்_2: கோப்புப் பெயரியல் குறித்துச் சில முடிந்த முடிபுகள்

பாயிரம்

இத்துறையில் முன்னோர் எவரும் நூல் செய்யவில்லை என்று தொடங்குவது ஆராய்ச்சி மரபு. செய்யாததற்குக் காரணம் இது எவருக்கும் தேவைப்படாததே என்று சேர்ப்பது மரபன்று. ஆகவே யாமும் சேர்க்கவில்லை.

யாம் மென்பொருட்குடியினர். எம் திணை பழைய மகாபலிபுரம் சாலை. பெரும்பொழுது மார்ச் மாதக் கடைசி. சிறுபொழுது வெள்ளி மாலை. கருப்பொருள் ஷேர்டு டிரைவ். இத்திணையில் வாழ்பவரிடம் தொழில்நுட்பம் பற்றிக் கருத்துக் கேட்டால் செயற்கை நுண்ணறிவு, கிளவுட், சைபர் பாதுகாப்பு என்று கை நீட்டிப் பேசுவார். அது விருந்தாளிக்குச் சொல்லும் கருத்து. அவரைத் தூங்கவிடாமல் செய்வது வேறு: காலையில் கிளையன்டுக்குப் போக வேண்டியது பின்வரும் எட்டில் எது?

பட்ஜெட்
பட்ஜெட்_ஃபைனல்
பட்ஜெட்_ஃபைனல்_2
பட்ஜெட்_ஃபைனல்_புதுசு
பட்ஜெட்_ஃபைனல்_புதுசு_திருத்தியது
பட்ஜெட்_இதுதான்_ஃபைனல்
பட்ஜெட்_இதுதான்_ஃபைனல் - காப்பி (3)
பட்ஜெட்_பழசு_தொடாதே

இவற்றுள் முதல்நூல் எது, வழிநூல் எது, இடைச்செருகல் எது என்பதே ஆய்வுச் சிக்கல். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர் ஏடுகளைத் தேடிப் பிடித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதம் கண்டார். அவருக்குச் செல்லரித்த ஏடு மட்டும்தான் பகை. எமக்கோ எட்டு ஏடும் சேதமில்லாமல் கிடைத்திருக்கின்றன. சிக்கல் அங்குதான் தொடங்குகிறது.

‘கடைசியாகத் திருத்திய தேதி’ என்று ஒரு பத்தி இருக்கிறதே, அதைப் பார்த்தால் தீர்ந்தது என்பர் புறத்தார். தீராது. எக்செலில் இன்றைய தேதியைத் தானே எடுத்துக்கொள்ளும் சூத்திரம் ஒன்று எங்காவது ஓர் அறையில் கிடந்தால் போதும். கோப்பைத் திறந்து, ஒன்றையும் தொடாமல் மூடினாலும் ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று அது கேட்கும். கேட்ட கேள்விக்கு ‘ஆம்’ சொல்லுதல் எம் குடியின் பண்பு. சொன்ன நொடியில் மூன்று மாதத்துக்கு முந்தைய ஏடு இன்றைய ஏடாகிவிடும். கல்வெட்டைப் படிக்கப் போனவர் அதன் அடியில் அன்றைய தேதியைப் பொறித்துவிட்டு வருவதைத் தொல்லியல் துறையில் கேள்விப்பட்டதில்லை.

நூற்பாவும் உரையும்

ஃபைனல் என்னும் பெயருடைக் கோப்பே
ஃபைனல் ஆகாது, ஆம்எனத் தேறுநர்
வெள்ளி மாலை விடுதி காணார்.

என்பது சூத்திரம். இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், ஃபைனல் எனப்படும் கோப்பின் நிலையாமை உணர்த்துதல் நுதலிற்று. ‘வெள்ளி மாலை’ என்றது இனம் பற்றி, வியாழனுக்கும் கொள்க. ‘விடுதி’ என்பதற்கு ஹாஸ்டல் எனப் பொருள் கொண்டார் இரண்டாம் மாடி உரைகாரர். அது பொருந்தாது, வீட்டுக்கு விடப்படுதலே பொருள். ‘கோப்பே’ என்பதன் ஏகாரம் தேற்றம். அதைப் பிரிநிலை என்பாரும் உளர். அவர் மனிதவளத் துறையினர், கோப்பைத் திறவாதே உரை எழுதும் கொள்கையர்.

வகைப்பாடு

எண்ணால் வருவன: _1, _2, _3. பழைய மென்பொருள்கள் இவற்றை எழுத்தாகவே பாவித்து அடுக்கியமையால் 10 என்பது 2க்கு முன் வந்து நிற்கும். இதை வைத்துப் பத்தாம் ஏடு இரண்டாம் ஏட்டினும் பழைமையது என்று நிறுவிய கட்டுரை ஒன்று வெளிவராதது தமிழுக்கு இழப்பு.

நாளால் வருவன: 03-04. இது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கக் கிளையன்டுக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுக என்று உலகத் தரம் ஒன்று 1988இலேயே வந்துவிட்டது. எம் தளத்தில் அதைப் பின்பற்றுபவர் ஒருவர். அவரோடு யாரும் சேர்ந்து சாப்பிடப் போவதில்லை.

உணர்ச்சியால் வருவன: இதுதான், நிஜமா_இதுதான், சாமி_இதோட_விடுங்க.

ஆளால் வருவன: வந்துழிக் காண்க.

ஆகாத பெயர்கள்: விண்டோஸில் ‘கான்’, ‘பிஆர்என்’, ‘நல்’ என்று கோப்புக்குப் பெயரிட முடியாது. டாஸ் காலத்தில் அவை திரைக்கும் அச்சுப்பொறிக்கும் வெற்றிடத்துக்கும் உரிய பெயர்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் தமிழ் வழக்கு. விண்டோஸ் வழக்கில் அது மரியாதைக் குறைவு.

ஆவியால் வருவன: ‘~$’ என்று தொடங்கும். யாரோ கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார் என்பதற்கு அடையாளமாக வேர்டும் எக்செலும் உண்டாக்குவது இந்த ஆவி. திறந்தவர் மூடாமலே விடுப்பில் ஊருக்குப் போய்விட்டால், அவர் திரும்பி வரும்வரை கோப்பு மற்றவர்க்குப் படிக்க மட்டுமே. அலுவலகத்தார் வேறு வழியின்றி ‘காப்பி’ எடுப்பர். காப்பி (1), காப்பி (2), காப்பி (3) ஆகிய மூன்றும் ஒரே ஆவியின் வாரிசுகள் என்பது எம் துணிபு (மேற்கோள்: பாதுகாவலர் மேசை, இரவு முறைக்காரர், வாய்மொழி).

ஈறு கெடுதல் பற்றி

பெயரின் ஈற்றெழுத்தை ஆய்வாளர் பொருட்படுத்துவதில்லை. பழைய எக்செல் கோப்பின் பின்னொட்டுக்கும் புதியதன் பின்னொட்டுக்கும் இடையே ஈற்றில் நிற்கும் ஓர் ‘எக்ஸ்’ மட்டுமே வேறுபாடு. ஈறு கெட்டு நின்றால் வரிசைகள் 65,536 வரை கொள்ளும். ஈறு நின்றால் 10,48,576 வரை. இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், கொரோனா தொற்று உறுதியானவர்களின் பட்டியலைச் சுகாதாரத் துறையினர் பழைய வடிவக் கோப்பில் ஏற்றினர். இடம் நிரம்பியதும் மிச்சம் சொல்லாமல் கொள்ளாமல் உதிர்ந்தது. கிட்டத்தட்ட 16,000 பேர் கணக்கில் விடுபட்டனர். அவர்களோடு பழகியவர்களுக்கு நேரத்தில் தகவல் போகவில்லை. புணர்ச்சி இலக்கணத்தை நாம் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். மறந்ததன் பலனை அந்நாடு அனுபவித்தது.

மங்கலக் கிளை

அலுவலகத்தை விட்டு வீட்டுக்கு வருவோம். ஆய்வுப் பொருள் அங்கே இன்னும் செழிப்பானது. குடும்பத்தில் எவர்க்குக் கல்யாணம் கூடினாலும் பத்திரிகை வேலை எம் தலையில் விழும். “நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கியேப்பா” என்பது பெரியப்பா வாக்கு. கம்ப்யூட்டரில் இருப்பவன் பத்திரிகை அடித்துத் தருவான் என்பது, மருத்துவமனையில் இருப்பவன் வைத்தியம் பார்ப்பான் என்பதைப் போன்ற தருக்கம்.

பத்திரிகையின் மூல ஏடு டிடிபி கடையில் கோரல்டிராவில் இருக்கும். எழுத்து யூனிகோடு அன்று. யூனிகோடில் தமிழ் ஏறியது 1991இல். தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010இல். கடைக்கார அண்ணனுக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை. அவர் எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழை உட்கார வைத்திருப்பது. அவ்வுரு இல்லாத கணினியில் திறந்தால் ‘திருவளர்ச்செல்வி’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் கலந்த ஒரு கூச்சல் கிடைக்கும். ஆகவே கோப்பு பயணம் செய்யாது. அதன் படம் மட்டும் வாட்ஸ்அப்பில் பயணம் செய்யும். திருத்தங்கள் குரல்செய்தியாகத் திரும்பும்.

கிளை வரலாறு இது. ‘பத்திரிகை_ஃபைனல்’ வந்தது. பெரியப்பா பார்த்தார்: “என் பேருக்குப் பின்னாடி பி.ஏ. எங்கேடா?” பிறந்தது ‘பத்திரிகை_ஃபைனல்_பிஏ’. அதே வேளை அத்தை பழைய படத்தைப் பார்த்து, தாய்மாமன் பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே போனது எப்படி என்று கேட்டார் (காண்க: அத்தை, குரல்செய்தி, நீளம் மூன்று குக்கர் விசில், இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி இப்பொருளுக்குத் தொடர்பில்லாதது, 1990களின் ஒரு சீர்வரிசை பற்றியது). பிறந்தது ‘பத்திரிகை_அத்தை_ஓகே’. இதில் தாய்மாமன் மேலேறினார், ஆனால் பி.ஏ. இல்லை. மூன்றாவதாக, முகூர்த்த நேரம் திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 என்று அச்சாகியிருப்பதைப் பக்கத்து வீட்டுத் தாத்தா கண்டுபிடித்தார். திங்கள் 7.30 முதல் 9 வரை சுத்த ராகுகாலம். பிறந்தது ‘பத்திரிகை_டைம்_மாத்தினது’; இதில் தாய்மாமன் மறுபடி கீழே.

மூன்று கிளை, ஒரு மூலம். இவற்றைக் கலந்து செய்வதற்கு ஏட்டாராய்ச்சியில் கலப்புப் பிரதி என்று பெயர். எழுதுவோன் இரு ஏடுகளை அருகருகே வைத்து இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் எடுத்து மூன்றாவது ஒன்றைச் செய்வான். பின்னால் வரும் பதிப்பாசிரியர் வம்ச மரம் வரைய முடியாமல் தவிப்பார். டிடிபி அண்ணனும் அவ்வாறே செய்தார். பி.ஏ. ஏறியது, தாய்மாமன் ஏறினார், நேரம் மட்டும் மூலத்திலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டது. ஐந்நூறு பத்திரிகையும் ராகுகாலத்தில் கல்யாணம் என்று அச்சாகி, பேனாவால் திருத்தப்பெற்றுப் போயின. மணமக்கள் நலமே வாழ்கின்றனர். இது சோதிட ஆய்வு அன்மையின் அதை விரிக்கவில்லை.

வாட்ஸ்அப் செய்த தொண்டு தனியே பேசத்தக்கது. அதன் வழியே வந்து கைபேசியில் தங்கும் கோப்பு தன் பெயரை இழந்து தேதியும் ‘டபிள்யூஏ’வும் ஓர் எண்ணும் கொண்ட கைதிப் பெயரைப் பெறுவதுண்டு. யார் எழுதினார், யார் வேண்டுகோளால் எழுதினார் என்று ஏட்டின் கடைசியில் குறித்து வைப்பது பழைய ஏடெழுதுவோர் வழக்கம். வாட்ஸ்அப் அந்தக் கடைசி ஓலையைக் கிழித்துவிட்டு ஏட்டைக் கொடுக்கிறது.

இலக்கணம் உண்டு, வழக்கில்லை

இந்நோய்க்கு மருந்து இல்லாமல் இல்லை. பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் 1972இலேயே நிரலின் எல்லாப் பதிப்பும் ஒரே இடத்தில் அடங்கும் ஏற்பாட்டைச் செய்தார். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ‘கிட்’ செய்தார். அதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 40 குறி நீளத்தில் ஒரு முத்திரை; யார், எப்போது, ஏன் என்பதும் கூடவே பதிவாகும். எம் குடியினர் பகலெல்லாம் இதனுள் வாழ்கின்றனர். ஆனால் ஏன் மாற்றினாய் என்று அது கேட்கும் இடத்தில் ‘மைனர் சேஞ்ச்’ என்று எழுதி வைக்கின்றனர். நிரலுக்கு வெளியே வந்து ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதினாலும் ‘லீவ்_ஃபைனல்_2’ என்றே பெயரிடுகின்றனர். இலக்கணம் கற்றவர் இலக்கணப்படி பேசுவார் என்று எதிர்பார்ப்பது தமிழ்த்துறைகளை உள்ளே போய்ப் பாராதவர் இயல்பு.

தமிழ்த்துறை என்றவுடன் ஒன்று. ஒரே கட்டுரையைத் தலைப்பு மாற்றி மூன்று கருத்தரங்கில் வாசித்து, நான்காவது முறை நூலாக்கி, ‘இதுவே முடிந்த முடிபு’ என்று முன்னுரையில் எழுதி, இரண்டாம் பதிப்பின் பின்னிணைப்பில் அம்முடிபை மாற்றிக்கொள்ளும் பெருமக்கள் கோப்புப் பெயரியலின் முன்னோடிகள். அவர்களுக்கு ஷேர்டு டிரைவ் தேவைப்படவில்லை. நூலகமே போதுமானதாக இருந்தது.

ஃபைனல் என்பதற்குக் கோட்பாடு கண்டவர் உலகில் ஒருவரே: டொனால்ட் நூத். அவர் செய்த ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் பதிப்பெண் பை என்ற எண்ணை நோக்கிப் போகிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் இலக்கம் கூடும், 2021இல் 3.141592653 ஆயிற்று. தாம் இறந்தபின் பதிப்பெண்ணைப் பை என்றே வைத்துவிட வேண்டும், அதன்பின் கிடைக்கும் பிழையெல்லாம் மென்பொருளின் இயல்பாகக் கொள்ளப்பட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். 1938இல் பிறந்தவர். இவ்விதிப்படி, கோப்புக்கு ஃபைனல் என்று பெயரிடும் தகுதி எம் தளத்தில் மூச்சு விடுகிற ஒருவர்க்கும் இல்லை.

இம்முடிபை மறுத்தவர் கணக்குத்துறைக்காரர் (லிஃப்டினுள், ஐந்தாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையே, கையில் டிஃபன் பாக்ஸோடு சொன்னது, நான்காம் மாடியில் சிலர் ஏறியதால் இடையில் இரு வாக்கியம் சிதைவு). “வருமான வரி ரிட்டர்ன் ஒண்ணு போடறோம். தப்பா இருந்தா ரிவைஸ்டு ரிட்டர்ன் போடலாம். அதுக்குக் காலம் தாண்டிப் போச்சுன்னா, 2022லேர்ந்து அப்டேட்டட் ரிட்டர்ன்னு ஒண்ணு இருக்கு, கூடுதல் வரி கட்டிட்டுப் போடலாம். கவர்ன்மென்டே ஃபைனல், ஃபைனல் டூ, ஃபைனல் புதுசுன்னு சட்டமா வெச்சிருக்கு சார். என் ஃபோல்டரை மட்டும் ஏன் நோண்டறீங்க?”

இதற்கு எம் நான்காம் மாடி மரபில் விடை இல்லை. பிற மாடியினர் விடை உய்த்துணர்க.