ஐந்நூற்றொன்றாம் யூனிட்: இல்லற மின்சிக்கன மரபுகள் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பாகப்பிரிவினைக்கு அடுத்தபடியாக அதிக வாக்குவாதத்தை விளைவிப்பது, விளக்கை அணைக்காமல் அறையை விட்டு வெளியே வருதல் என்னும் செயலாகும். பாவை விளக்கை ஆராய ஆளிருக்கிறது. பாத்ரூம் விளக்கை ஆராய ஆளில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லையும் ஆதாரங்களும்

இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படும் வீட்டு இணைப்புகள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வாடகைக்குக் குடியிருப்போரிடம் ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவென்று வாங்கும் தொகை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. சில இடங்களில் நியாயத்தின் எல்லைக்கும் அப்பாற்பட்டது. முதன்மை ஆதாரங்கள்: மீட்டரும், மீட்டர் பெட்டியில் செருகிவைத்த வெள்ளை அட்டையும். துணைமை ஆதாரம்: குடும்பத் தலைவரின் புலம்பல்.

கருதுகோள்

ஒரு சாதனத்தின் மீது குடும்பத் தலைவர் செலுத்தும் கண்காணிப்பு, அது இழுக்கும் மின்சாரத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும்.

இயல் 1: கண்ணில் படுவதும் படாததும்

ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு யூனிட்டைத் தீர்க்க 111 மணி நேரம், அதாவது நாலரை நாளுக்கும் மேல், விடாமல் எரிய வேண்டும். 2000 வாட் கீசருக்கு அரை மணி நேரம் போதும். இருந்தும், "பாத்ரூம்ல லைட்டை அணைக்காம வந்தது யாரு?" என்று அதிரும் வீடுகளில், கீசர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று கேட்கப் பெரும்பாலும் எவருக்கும் தோன்றுவதில்லை. விளக்கு தன் குற்றத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறது. கீசர் அடக்கமாகக் கொதிக்கிறது.

மின்விசிறி குறித்து, "மெதுவா வெச்சா கரண்ட் மிச்சம்" என்னும் ஒரு கொள்கை நிலவுகிறது. மின்னணு ரெகுலேட்டருக்கு இது பொருந்தும். பழைய பெட்டி ரெகுலேட்டரிலோ, விசிறிக்குப் போகாத மின்சாரத்தில் ஒரு பங்கு பெட்டிக்குள்ளேயே சூடாகி வீணாகும். காற்று குறைகிற அளவுக்கு பில் குறையாது. 75 வாட் விசிறி நாளுக்கு 16 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 29 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். இந்த 43 யூனிட் வித்தியாசம், மூன்று பல்புகளை இரண்டு மாதமும் இரவுபகலாக எரியவிட்டாலும் ஆகாத அளவு. ஆயினும் விசிறியை மாற்றச் சொல்லி எந்த வீட்டிலும் எவரும் கத்தியதாகக் களப்பணியில் தெரியவரவில்லை.

இயல் 2: ஐந்நூறின் மறுகரை

2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1958 ரூபாய். அந்தக் கடைசி ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். முதல் நூறு இரு தரப்புக்கும் இலவசமாக இருந்தது. அடுத்த நூறுக்கு, எல்லைக்குள் நின்றவர் யூனிட்டுக்கு 2.25 ரூபாய் கட்டினார், தாண்டியவரோ 4.50 கட்டியாக வேண்டியிருந்தது. 225 ரூபாய் அங்கே போனது. மிச்சம் 8 ரூபாய் 501-ஆம் யூனிட்டின் சொந்த விலை. 2024-இல் கட்டணம் உயர்ந்தபோதும் இந்த அமைப்பு அப்படியே நின்றது.

இதனால் மீட்டர் கணக்கு 480-ஐத் தொட்டதும் வீட்டில் ஊரடங்கு பிறக்கிறது. துணிகள் தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போகின்றன. கிரைண்டருக்குத் தடை, கடை மாவு வாங்கப்படுகிறது. 150 வாட் டேபிள்டாப் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் பத்தில் ஒரு பங்கு யூனிட்கூட ஆகாது என்பதை எடுத்துச் சொன்ன மருமகள்கள் வரலாற்றில் இருக்கலாம். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. ரீடிங் எடுப்பவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் விரதம் மொத்தமும் வீண்.

ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு இதற்கு அடுத்த கட்டத்தில் கிடைத்தது. எல்லை தாண்டியது உறுதியானதும் வீட்டில் ஒருவகை விடுதலை பரவுகிறது: "அதான் தாண்டிடுச்சே, ஏசியைப் போடுப்பா!" அதே 2022 கட்டணப்படி 501 முதல் யூனிட்டுக்கு 8 ரூபாயாகவும், 601 முதல் 9 ரூபாயாகவும் இருந்தது. விரதம் தேவைப்படும் இடம் இதுதான். விரதம் முறியும் இடமும் இதுவே.

இயல் 3: ஜெவன்ஸும் பூஜையறையும்

வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொருளியலாளர் 1865-இல் ஒன்றைச் சொன்னார்: இயந்திரம் சிக்கனமானால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும். இதைச் சோதிக்க நம் பூஜையறை போதும். குண்டு பல்பு இருந்த காலத்தில் சாமிக்கு ஒரு விளக்கு, எல்.இ.டி. வந்தபின் சீரியல் விளக்கு விடியவிடிய மின்னுகிறது. "அது என்ன இழுத்துடப் போகுது?" என்று கேட்பவர், பாத்ரூம் விளக்குக்காகக் கத்தியவரேதான். ஐந்து ஸ்டார் ஏசி வாங்கிய வீட்டிலும் இதே நிலை. 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. ஸ்டார் இருக்கிற தைரியத்தில் அதை 18-க்கு இறக்கிவிட்டுப் போர்வை தேடுகிறார்கள்.

முடிவுரை

கருதுகோள் நிறுவப்பட்டது. பில்லைத் தீர்மானிப்பவை சூடாக்குவது, குளிரவைப்பது, நாள் முழுதும் சுற்றுவது ஆகிய மூன்றுமே. எனினும் பல்புக்குக் குற்றவாளி உண்டு; ஃபிரிட்ஜுக்கு இல்லை. யாரையும் திட்ட முடியாத சிக்கனத்தில் குடும்பத் தலைவர்களுக்கு ஆர்வம் பிறப்பதில்லை. விளக்கை அணைக்கச் சொல்வதால் நிலைநாட்டப்படுவது அதிகாரம். அதற்கு 9 வாட் அதிக விலையல்ல.

மேலாய்வுக்கான களம்

ஏசி ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவரே உண்மையான குடும்பத் தலைவர் என்னும் கருத்து தனி ஆய்வுக்குரியது. அவ்வாய்வுக்கு நெறியாளர் யார் என்பதையும் ரிமோட் வைத்திருப்பவரே முடிவு செய்வார்.