அப்பா பேச்சை மீறுவது எப்படி: ராய்சந்த் குடும்ப வழிகாட்டி

காதல் கல்யாணமும் நடக்க வேண்டும், அப்பாவைத் தெய்வமாக மதிக்கும் பிள்ளை என்ற பெயரும் கெடக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு உருப்படியான பாடநூல் ஒன்றுதான்: 2001 டிசம்பரில் வந்த ‘கபி குஷி கபி கம்’. கரண் ஜோஹர் இயக்கியது, மூன்றரை மணி நேரம். கைக்குட்டை இரண்டு எடுத்துவையுங்கள். ஒன்று உங்களுக்கு, மற்றது, ‘இதெல்லாம் ஓவர்’ என்று முனகியபடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு.

முதலில் பணக்காரராகிவிடுங்கள். சாதாரணப் பணம் போதாது. படத்தில் வரும் ராய்சந்த் குடும்பத்தின் டெல்லி வீடாகக் காட்டப்படுவது, இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷரில் ராத்ஸ்சைல்ட் குடும்பம் கட்டிய வாடஸ்டன் மாளிகை. அங்கேதான் மகன் ஷாருக் கான் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி ஓடிவருவார். அவர் வாசலை மிதிக்கும் முன்பே ஆரத்தித் தட்டும் கையுமாக ஜெயா பச்சன் திரும்பிப் பார்ப்பார். தாயுள்ளம்! ஹெலிகாப்டர் சத்தம் கேட்டிருக்கும் என்று சொல்பவரோடு இந்தப் படத்துக்குப் போகாதீர்கள்.

இந்தச் செல்வத்தை வெறும் பகட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. கடன், வாடகை, வேலை என்ற கவலை எதுவும் உள்ளே வராத வீட்டில்தான், அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது உலகத்தின் ஒரே துயரமாக வளர முடியும்.

காதலி, சாந்தினி சௌக் மிட்டாய்க் கடைக்காரர் மகளாக இருக்கட்டும். கனவுப் பாட்டுக்கு எகிப்தின் பிரமிடுகள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அப்பா மறுப்பார், அதுவும் அமிதாப் பச்சன் குரலில். இந்த இடத்தில் வாய்திறந்து வாதாடினால் காரியம் கெட்டது. அந்தஸ்து பார்ப்பது சரியா தப்பா என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. கண்கலங்கித் தலைகுனிந்து, ‘உங்கள் இஷ்டம்’ என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, பெண்ணின் தகப்பனார் இறந்துபோன துக்க வீட்டிலேயே அவளைக் கைப்பிடித்து அழைத்து வந்து நில்லுங்கள். மீறியதும் ஆயிற்று, மீறல் போலவும் தெரியாது, கருணை போலத் தெரியும். படத்தின் மொத்த சாமர்த்தியமும் இதுதான் என்பேன். அப்பாவை எதிர்க்க ஆசைப்பட்டு, எதிர்க்கப் பயந்த அத்தனை பிள்ளைகளும் இதற்காகத்தான் டிக்கெட் வாங்கினார்கள்.

வெளியே போகச் சொன்னால் லண்டனுக்குப் போங்கள். அங்கே போனதும் தேசபக்தி தானாகச் சுரக்கும். தம்பி ஹ்ரித்திக் ரோஷன் அண்ணனைத் தேடி லண்டனில் கால்வைக்கும்போது பின்னணியில் வந்தே மாதரம். உங்கள் மகன் பள்ளி விழாவில் ஆங்கிலப் பாட்டு பாட வேண்டிய இடத்தில் தேசிய கீதம் பாட வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. அந்தக் காட்சிக்குத் திரையரங்கில் யாரும் எழுந்து நிற்கவில்லை என்று ஒருவர் வழக்குப் போட, காட்சியை நீக்கும்வரை படத்தைத் திரையிடக் கூடாது என்று 2003இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 2016இல் திரையரங்குகளில் தேசிய கீதம் கட்டாயமானதும் அதே மனுதாரரின் இன்னொரு வழக்கில்தான். 2018இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஒரு குடும்பத்தின் கண்ணீர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, பாருங்கள்.

அப்பா பார்த்துவைத்திருந்த பெண் நீங்கள்தான் என்றால், ராணி முகர்ஜியைப் போல அழகாகச் சிரித்து விலகிவிடுங்கள். உங்களுக்குக் கனவுப் பாட்டெல்லாம் கிடையாது.

கடைசிப் பொறுப்பு அம்மாவுடையது. படம் முழுக்கக் கணவருக்கு டை கட்டிவிட்டு, பூஜை செய்து, மௌனமாகக் கலங்கிய பிறகு, ஒரே ஒரு முறை வாய்திறக்க வேண்டும்: புருஷனைத் தெய்வம் என்று சொல்லி வளர்த்தார்கள், நீங்கள் வெறும் புருஷன்தான் என்று தெரிந்துபோயிற்று என்று. மொத்தம் சில நிமிடங்கள். மலைபோன்ற அமிதாப் அதில்தான் அசைகிறார். மகனிடம் மன்னிப்பும் கேட்கிறார்.

இதைப் பத்து வருடம் முன்பே பேசியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். பேசியிருந்தால் பிள்ளை லண்டனுக்குப் போயிருக்கமாட்டான், படம் இடைவேளையிலேயே முடிந்திருக்கும், 2004இல் ஜெர்மானியத் தொலைக்காட்சியில் இதை டப்பிங்கில் பார்த்து ஷாருக் கானுக்கு ரசிகைகளான பெண்கள் அன்றிரவு வேறு ஏதாவது பார்த்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள்.